உடைந்த பொம்மைக்கு என்ன மாற்றம்?

இன்று மாலை டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் ஒன்பதாம் வகுப்பு ஷபானா. கூடவே அவள் அம்மா. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்துகிறவர்.

நேற்று நான் வைத்த வேதியியல் டெஸ்ட்டில் ஒரு கேள்வி: களிமண்ணைச் சூளையில் சுடுவது என்ன மாற்றம்? வகுப்பே வேதியியல் மாற்றம் என்று எழுத, இவள் மட்டும் இயற்பியல் மாற்றம் என்று எழுதியிருந்தாள். தப்பு போட்டிருந்தேன்.

"பழையபடி ஆக்க முடியாததுதான் வேதியியல் மாற்றம்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? எங்க பட்டறையில சுட்டு உடைஞ்ச பொம்மைய அரைச்சு, மண்ணுல கலந்து மறுபடியும் பொம்மை பண்றோமே?"

"அது வெறும் தூளும்மா. தண்ணி ஊத்திப் பிசைஞ்சா களிமண்ணா வருமா?"

"வராதுங்க மிஸ்," என்றார் அம்மா. "அதனாலதான் புது மண்ணோட சேக்குறோம்."

அப்பாடா, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஷபானா விடவில்லை. "சரி மிஸ், வேதியியல் மாற்றம்தான். ஆனா அந்தத் தூளு ஏற்கெனவே வெந்தது. மறுபடியும் சூளைக்குப் போறப்ப அதுக்கு என்ன மாற்றம்? ஒரே பொம்மையில புது மண்ணுக்கு மட்டும் மாற்றம், பழைய தூளுக்கு ஒண்ணுமே இல்லையா?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஸ்டாப்பு வந்துடுச்சும்மா, போயிட்டு வரேன்" என்று வந்தது.

அது என் ஸ்டாப் இல்லை. வீடுவரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் யோசித்தும் விளங்கவில்லை.

தெரிந்தவர்கள் சீக்கிரம் கமெண்ட்டில் சொல்லுங்கள். நாளை முதல் பீரியடே அவள் வகுப்புதான். அங்கே இறங்கிக்கொள்ள ஸ்டாப் கிடையாது.