எண்ணெய் போட்ட கிதார்

சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். மற்றவர்களுக்கு அது தலையணை உறை, பழைய சீப்பு. எனக்கு அது கிதார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பொன்மலையில், ரயில் பட்டறை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ். பக்கத்து மேஜையில் என் வயதுக்காரன் ஒருவன் டைப் அடிப்பான். ஆங்கிலோ இந்தியன். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கிதார் வாசிப்பான். நான் தயிர்சாத டப்பாவைத் திறக்காமல் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். விரலை எங்கே வைப்பது, எப்படி அழுத்துவது என்று அங்கேதான் சொல்லிக்கொடுத்தான். அவன் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புவது முடிவானதும் ஒருநாள் கிதாரைத் தூக்கி என் மேஜைமேல் வைத்தான்.

"கப்பல்ல இத எடுத்துட்டுப் போக முடியாது மேன். மூணு மாசம் வச்சுக்க. நான் ரயில் ஏறுறதுக்குள்ள ஒரு பாட்டு முழுசா வாசிச்சுக் காட்டு, உனக்குத்தான். இல்லன்னா எங்க அக்கா பையனுக்குப் போகும்."

எனக்கு அது வேண்டும். சோறு தண்ணி இல்லாவிட்டாலும் அது வேண்டும் என்றிருந்தது.

வீட்டு வாசலிலேயே அம்மா மறித்தாள். "யாராத்துலேர்ந்துடா வரது இது?"

சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. "அங்கேயே வை. உள்ள பெருமாள் ஏளியிருக்கார்." ஒரு வாளி மஞ்சள் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, முன்னும் பின்னும் பித்தளைக் குடத்தைக் கழுவுவதுபோல் கழுவினாள். ஓட்டைக்குள்ளும் இரண்டு கை தெளித்தாள். மரத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்தக் கேவலத்தை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாசித்தேன். வாசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது. மூன்றாவது வாரம் விரல்நுனியெல்லாம் கொப்புளம். கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. உரிந்த தோல் கம்பியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

என் அக்கா வீணை கற்றவள். என் விரலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எண்ணெய் தொட்டுக்காம யாராவது வீணை வாசிப்பாளா? வெறுங்கையால அழுத்தினா தோல் உரியாம என்ன பண்ணும்?" ஒரு கிண்ணத்தில் பஞ்சைப் போட்டுத் தேங்காயெண்ணெய் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. வலி போயிற்று. அவளுக்கு வீணையைத் தெரியும், எனக்கு எதுவுமே தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் கிதாரை எண்ணெயில் ஊறப்போட்டோம்.

ஒரு மாதத்தில் கம்பிகள் கறுத்தன. எண்ணெய், தூசி, என் செத்த தோல் எல்லாம் சேர்ந்து கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளின் ஓரத்தில் கறுப்பாகப் படிந்தன. நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். அதை வேட்டியில் தடவிவிட்டு மறுபடி வாசிப்பேன். நனைந்த மரத்தின் புழுங்கல் நாற்றத்தோடு சிக்கு வாடையும் சேர்ந்து, ஓட்டைக்குள் கரப்பான் குடியேறியது. சில நாள் வாசிக்கும்போதே மீசையை வெளியே நீட்டும். நான் தட்டி உள்ளே அனுப்பிவிட்டுத் தொடர்வேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. நாளைக்குத் துடைக்கலாம், நாளைக்குத் துடைக்கலாம் என்று மூன்று மாதத்தை ஓட்டினேன். எனக்குப் பாட்டு வந்தால் போதும், கிதார் என் கைக்கு வந்தால் போதும். பாட்டும் வந்துவிட்டது.

ரயில் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்ரீரங்கம் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அம்மா, வெளியாருக்கென்று கொல்லையில் தனியாக வைத்திருந்த டம்ளரில் காபி கொடுத்தாள். அவன் வாய் வைத்துக் குடித்தான்.

முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் தடுக்கியது, ஆனால் நிற்கவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லயே மேன். குடு, கடைசியா ஒரு தடவ வாசிச்சுட்டுப் போறேன்."

வாங்கி மடியில் வைத்துக் கம்பியில் விரலை அழுத்தினான். உடனே எடுத்தான். விரலைப் பார்த்தான், முகர்ந்தான். கிதாரைத் திருப்பினான். பின்பக்கம் ஒட்டு விட்டு வாய் பிளந்திருந்தது. லேசாகக் குலுக்கியதும் கரப்பான் முட்டைக்கூடுகள் அவன் சட்டையில் உதிர்ந்தன. ஒரு கரப்பான் அவன் முழங்கையில் ஏறி ஓடியது.

"என்ன போட்ட இதுல?"

"தேங்காயெண்ணெய். வீணைக்குப் போடுவாங்க."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாக, விரல் இடுக்கெல்லாம் துடைத்தான். கொல்லையில் அம்மா அவன் குடித்த டம்ளர்மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உனக்குத்தான்" என்றான். "நீ வாசிக்காம இருந்திருந்தாலும் உனக்குத்தான். இனிமே இத யார் கையிலயும் குடுக்க முடியாது."

எழுந்தான். கைகுலுக்க நீட்டிய என் கையை நானே பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மடக்கிக்கொண்டு கும்பிட்டேன். அவனும் கும்பிட்டான். தெருவில் இறங்கியதும் கைக்குட்டையைச் சாக்கடையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அம்மா வந்து, சுவரில் சாய்ந்திருந்த கிதாரைப் பார்த்தாள்.

"நமக்கே குடுத்துட்டானா? நல்ல மனசு" என்றாள். பிறகு, "கொல்லைல டம்ளரக் கவுத்திருக்கேன். காயறவரைக்கும் தொட்டுடாதே."

சரி என்றேன்.