சாக்பீஸின் பச்சை வின்ஸ்லோ

காஸிமிர் பியான்டெக்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால், எங்கள் ஊர் ஹாம்ட்ராமிக்கில் அவன் பெண்டாட்டியைத் தவிர யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திறப்பாள். எங்கள் கார் தொழிற்சாலையில் அவனுக்கு சாக்பீஸ் என்று பெயர். கடைசிச் சோதனை நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு, வருகிற கார்களின் மேல் மஞ்சள் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவதுதான் அவன் வேலை. குறிக்குப் பக்கத்தில் தப்பு செய்த ஆள் நிற்கும் இடத்தின் எண்ணையும் எழுதுவான். எழுதும்போது உதட்டை நக்கிக்கொள்வான். அந்த நாக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் வெர்னெல், அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களில் ஒருத்தி. அறுபத்தேழாம் வருஷம் அலபாமாவிலிருந்து தம்பி ஓடெலையும் கூட்டிக்கொண்டு வந்து கிரான்டல் கம்பெனியில் சேர்ந்தேன். நகர்ந்துகொண்டே போகும் காரின் இடது முன்கதவுக்கு உள்பலகை மாட்டுவது என் வேலை. ஆறு திருகு, நாலு கிளிப். ஐம்பத்தெட்டு நொடிக்கு ஒரு கதவு. அதைப் பதினாறு வருஷம் செய்தேன். எத்தனை கதவு என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை, பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்.

காஸிமிர் எனக்கு ரொம்ப முன்னால் வந்தவன். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த கிரான்டல் குடும்பம் கார் செய்ய ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தபோது, பத்தொன்பது வயதில் அவன் உள்ளே நுழைந்தான். முப்பத்தேழில் தொழிலாளிகள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள் அல்லவா, அதில் இவனும் இருந்தான். கார் சீட்டைக் கழற்றித் தரையில் போட்டுப் படுத்து, முப்பத்தெட்டு நாள் வெளியே வரவில்லை. இவன் அம்மா பனியில் நின்று ஜன்னல் வழியாக சாஸேஜும் ரை ரொட்டியும் கொடுத்தாளாம். சங்கம் ஜெயித்தது. பிறகு யுத்தம் வந்தது, கம்பெனி நாலு வருஷம் கார் செய்யாமல் டாங்கி செய்தது, இவனும் டாங்கி செய்தான். யுத்தம் முடிந்து ஊரெல்லாம் பணம் புரண்டபோது காருக்குப் பின்னால் மீன் துடுப்பு முளைத்தது. துடுப்பு முளைத்த அதே வருஷம் இவன் தொழிலாளியின் நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு மேற்பார்வைக்காரர்களின் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டான். சங்கத்துக்காக முப்பத்தெட்டு நாள் படுத்தவன், சங்கத்து ஆட்களின் எண்ணைச் சாக்பீஸால் எழுதக் கிளம்பிவிட்டான். அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தியவர்களில் பாதிப்பேர் பேசாமலே செத்தும் போனார்கள்.

அவன் போட்ட குறியெல்லாம் பொய்யா என்று கேட்டால், இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். எழுபதுகளில் நாங்கள் செய்த கார் லட்சணம் எங்களுக்கே தெரியும். ஜப்பான்காரனோடு போட்டி போடுகிறேன் என்று கம்பெனி பிப்பிட் என்று ஒரு குட்டிக் காரை அவசரமாக இறக்கியது. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். இவன் குறி போட்டுக்கொண்டே இருப்பான், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் துடைத்துவிட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கார் போய்விடும். எழுதப்பட்ட எண் மட்டும் போகாது, அது எங்கள் பெயரில் ஏறும்.

ஓடெல் பெயரில் மூன்று முறை ஏறியது. பின்சீட்டு பெல்ட்டுக்கு போல்ட் முடுக்குகிறவன் அவன். மத்தியானம் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து குடிப்பான், எல்லோரும்தான் குடித்தார்கள். ஒருநாள் இரண்டு காரில் போல்ட்டே இல்லை. சாக்பீஸ் எழுதினான். எழுபத்தாறு மார்ச்சில் தம்பியை வெளியே அனுப்பினார்கள். மன்னித்து விட்டுவிடு என்று நான் சாக்பீஸ் முன்னால் நின்று கெஞ்சினேன். வாழ்க்கையில் நான் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். அவன் என் தலைக்கு மேல் அடுத்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் ஒருவர் சொந்தத்துக்குக் கார் கேட்டுப் பதிவு செய்தால், அதன் எண்ணைக் கண்டுபிடித்து, லைன் ஆரம்பத்திலேயே முன் பம்பரில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். வீட்டு வண்டி என்று அதற்குப் பெயர். துணி கட்டிய வண்டி வந்தால் சோம்பேறிகூட நிமிர்ந்து நிற்பான். ஒவ்வொரு திருகையும் இரண்டு தரம் முடுக்குவோம். அப்படி வெளியே போகும் கார் இருபது வருஷம் சத்தமில்லாமல் ஓடும். மற்றவர்களுக்கும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்காதீர்கள். கேட்ட ஒரே ஆள் சாக்பீஸ்தான்.

எழுபத்தெட்டு இலையுதிர் காலத்தில் அவன் எங்கள் கம்பெனியின் வின்ஸ்லோ கார் ஒன்றுக்குப் பதிவு செய்தான். நாலு கதவு, கரும்பச்சை. நாற்பத்து நாலு வருஷத்தில் அவன் வாங்கும் முதல் புதுக் கார். ஜனவரியில் ஓய்வு பெற்று, மூச்சிரைக்கும் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு அரிசோனாவுக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்கேயே இருந்துவிடப் போகிறான் என்று கேள்வி. எனக்கு அடுத்த இடத்தில் சீட் மாட்டும் ஹோர்டன், எங்கேயோ தோண்டி எண்ணைப் பிடித்துவிட்டான்.

"வெர்னெல், உங்க மாப்பிள்ளை வண்டி வியாழக்கிழமை வருது" என்றான்.

"எவன்டா மாப்பிள்ளை?"

"சாக்பீஸ்தான். சிவப்புத் துணி கட்டுறேன். இந்தத் தடவை துணிக்கு அர்த்தம் வேற. ஆளாளுக்குச் சீர்வரிசை வச்சு அனுப்புங்க."

லைன் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. என் சீரை நான் புதன்கிழமையே தயார் செய்தேன். பதினொரு நட்டு. கதவுக்குள் போட்டுப் பலகையை மூடிவிட்டால், காரைப் பிரிக்காமல் எடுக்க முடியாது, அரிசோனா வரைக்கும் கடகடவென்று உருளும். அது போதவில்லை. அட்டையைக் கிழித்து என் கையால் எழுதினேன்: "நீ போகிற இடமெல்லாம் இது உன்னை விடாது. ஒரு மைல்கூட நீ நிம்மதியாகப் போக மாட்டாய்." எழுதி முடித்ததும் அப்படி ஒரு சுகம். ஒளிப்பானேன்.

வியாழக்கிழமை பச்சை வின்ஸ்லோ வந்தது, சிவப்புத் துணியோடு. கூடவே அவனும் வந்தான்.

அன்று அவனுக்கு விடுமுறை. வெள்ளைச் சட்டை இல்லை, வீட்டுக் கம்பளிச் சட்டை, கையில் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். லைன் ஆரம்பத்திலிருந்து காரின் பக்கத்தில் அதே வேகத்தில் நடந்துகொண்டு, ஒவ்வொரு ஆள் முன்னாலும் நின்று, கையையே பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் ஃபோர்மன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான், அவனுக்கும் வேடிக்கை வேண்டியிருந்தது. அறுபத்து மூன்று வயதுக் கிழவன், ஒரு முழு ஷிஃப்ட், உட்காராமல்.

விசில் பறந்தது. சவ ஊர்வலத்தில் அடிப்பது போல யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

"என்ன துரை, பொண்ணைக் கட்டிக் கொடுக்குறீங்களா, கூடவே நடக்குறீங்க?" என்று கத்தினான் ஹோர்டன்.

"சாக்பீஸ் எங்கேய்யா? வீட்ல வச்சுட்டு வந்துட்டியா, இல்ல பொண்டாட்டி முதுகுல குறி போடுதா?" என்றது இன்னொரு குரல்.

அவன் திரும்பவே இல்லை. ஆனால் ஒன்று நடந்தது, நான் கண்ணால் பார்த்தேன். அவன் கண் கையின் மேலே இருந்ததால், எல்லோரும் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். திட்டிக்கொண்டே, காறித் துப்பிக்கொண்டே, ஆனால் ஒழுங்காக.

என் இடத்துக்கு வந்தது. என் ஏப்ரன் பை நட்டின் கனத்தில் தொங்கியது. அவன் அதைத்தான் முதலில் பார்த்தான்.

"பையில என்ன?"

"நட்டு."

"இந்தக் கதவுக்கு நட்டே கிடையாதே. ஆறு திருகு, நாலு கிளிப்."

"தெரியுதில்ல? அப்புறம் என்னத்துக்குக் கேக்குற?" என்றேன். கையில் பலகையை எடுத்துக்கொண்டேன். "என் தம்பி இப்ப எங்க இருக்கான் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"மோபில் ஊர்ல. கோழி வெட்டுற தொழிற்சாலையில, முட்டி வரைக்கும் ரத்தத்துல நிக்கிறான். இங்க வாங்கினதுல கால்வாசி சம்பளம்."

அவன் நிதானமாகச் சொன்னான்: "நல்லது. கோழிக்கு சீட் பெல்ட் வேண்டாம்."

அந்த நொடியில் அந்தத் திருகு முடுக்கும் துப்பாக்கியை அவன் பல்லில் வைத்து அழுத்தியிருப்பேன். அழுத்தவில்லை. ஐம்பத்தெட்டு நொடிதான் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே நிற்க, ஆறு திருகையும் நாலு கிளிப்பையும் மாட்டினேன். விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்த்தான். சத்தம் கனமாக, சுத்தமாக இருந்தது. தலையைக்கூட ஆட்டாமல் காரோடு நகர்ந்துவிட்டான்.

என் பையில் பதினொரு நட்டும் அட்டையும் அப்படியே இருந்தன. அதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது, வெளிர்மஞ்சள் நிற வின்ஸ்லோ, கதவு திறந்தபடி. பையில் இருந்ததை எல்லாம் அதற்குள் கொட்டி, பலகையை வைத்து மூடினேன். கை தானாகச் செய்தது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். யாருடைய கார் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். லைனில் நிற்பவர்களுக்கு, துணி கட்டாத கார் யாருடையதும் இல்லை. அது அடுத்த இடத்துக்கு நகர்ந்ததும் பார்த்தால், ஹோர்டனும் அதன் சீட்டுக்கு அடியில் எதையோ திணித்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்கு அடுத்தவளும் குனிந்தாள். கிழவனுக்கென்று சேர்த்து வைத்த சீர்வரிசை முழுவதும் அந்த மஞ்சள் காரில் இறங்கிக்கொண்டிருந்தது.

பச்சை வின்ஸ்லோ ஒரு குறியும் இல்லாமல் வெளியே போனது. அன்றைக்குப் போன கார்களில் அது ஒன்றுதான் அப்படி.

ஜனவரியில், அவன் ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டு இடைவேளையில் என் மேஜைக்கு வந்தான். நான் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கடிதத்தை என் முன்னால் போட்டான். கார் வாங்கியவர்கள் கம்பெனிக்கு எழுதும் புகாரெல்லாம் சோதனை அறைக்குத்தான் வரும்.

"வாசி."

"நீயே வாசி. எனக்குச் சாப்பாட்டு நேரம்."

"வாசின்னு சொன்னேன்."

இண்டியானாவில் ஏதோ ஒரு சிற்றூர். இர்மா கெல்பாக் என்று பெயர் போட்டிருந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ், மஞ்சள் வின்ஸ்லோ வாங்கியிருக்கிறாள். ஓயாத சத்தம் என்று மெக்கானிக்கிடம் விட, அவன் காரைப் பிரித்திருக்கிறான். கிடைத்தவற்றை வரிசையாக எழுதியிருந்தாள். சீட்டுக்கு அடியில் கோழி எலும்பு, கூரைக்குள் புகையிலை டப்பா, இடது முன்கதவில் பதினொரு நட்டு. அதோடு ஒரு அட்டை. திட்டி ஒரு வரியும் எழுதவில்லை. கடைசியில் இவ்வளவுதான்: "அட்டையில் இருப்பதைப் பலமுறை படித்துவிட்டேன். என் மேல் யாருக்கோ பெரிய கோபம் இருக்கிறது. நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. போன பிப்ரவரியில் என் கையில் இறந்துபோன ஒரு குழந்தையின் வீட்டாரோ என்று நினைக்கிறேன். தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

கடிதத்தோடு அட்டையும் இருந்தது. என் எழுத்து.

"என் வண்டிக்கு அடுத்த எண்" என்றான். "உன் எழுத்து எனக்குத் தெரியும். தம்பிக்காக நீ எழுதிக் கொடுத்த மனு இன்னும் ஃபைல்ல இருக்கு."

"போய்க் கொடு. என்னையும் தொரத்து. அதுதானே உனக்கு வேணும்?"

"என்னை நீ நரகத்துக்குப் போன்னு எழுது. வாங்கிக்கிறேன். இவ என்னடி பண்ணா?" என்றான். முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "நான் இதை மேல அனுப்பல. உனக்காக இல்ல, உன் மூஞ்சியே எனக்குப் பிடிக்காது. பதிலை நீ எழுதணும், அதுக்காக."

போய்விட்டான். அரிசோனாவுக்கும் போனான். அந்தப் பச்சைக் கார் கடைசிவரை சத்தம் போடவில்லை என்று கேள்வி. எங்கள் தொழிற்சாலையை எண்பத்து மூன்றில் மூடினார்கள். அதை ஜப்பான்காரன் மூடினான், மேலே இருந்தவர்கள் மூடினார்கள் என்று ஊர் இன்னும் சண்டை போடுகிறது. நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை.

கடிதத்தை ஏழு வாரம் வைத்திருந்துவிட்டு எழுதினேன். அம்மா, கோபம் உங்கள் மேல் இல்லை. அது உங்கள் காருக்கு முன்னால் போன காரின் சொந்தக்காரனுக்கு எழுதியது. அவன் தன் கார் பக்கத்திலேயே நின்றதால் போட முடியவில்லை, உங்கள் கார் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம்.

பத்து நாளில் பதில் வந்தது. குழந்தையின் வீட்டுக்கு அவள் ஏற்கெனவே போய்விட்டாளாம். அவர்களுக்கு எதுவும் புரியவில்லையாம், ஆனால் அந்தத் தாய் மறுபடியும் அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

அதற்கு நான் பதில் எழுதவில்லை.