கூடத்துச் சுவரில் மூன்று தனி ஆட்கள்

என் வீட்டுக் கூடத்தில் மூன்று படங்கள் மாட்டியிருக்கிறேன். ஒன்றில் ஒரு பெண் சாப்பாட்டுக் கடையில் ஒற்றைக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிர் நாற்காலி காலி. இரண்டாவதில் ஆபீஸில் எல்லோரும் போன பிறகு ஒரு ஆள் மட்டும் மேஜை முன்னால் இருக்கிறார். மேஜை மேல் சாயங்கால வெயில் விழுந்திருக்கிறது. மூன்றாவதில் பெரிய கட்டடம், வரிசை வரிசையாக ஜன்னல்கள், அதில் ஒரே ஒரு ஜன்னலில் வயதான ஒரு மனுஷி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். இதைச் சாக்கு வைத்துத்தான் என்னை என் வீட்டை விட்டே கிளப்பப் பார்த்தார்கள்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்றால் யாரும் நம்புவதில்லை, ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்டோன்மெண்டில் ஒரு ஆபீஸில் வேலை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் சொந்தமாக ஒரு ஃப்ளாட். நானும் அம்மாவும் ஆறு வருஷம் அதில் இருந்தோம். அம்மா போன பிறகு நான் மட்டும். என் அண்ணா கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கிறான், தொழிற்சாலையில் வேலை. நான் இனி அவனோடு வந்துவிட வேண்டும், ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் பத்தாம் நாளிலேயே அவன் எடுத்த முடிவு. அவன் எடுத்த முடிவு என்கிறேன், என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தப் படங்களை நான் முதலில் பார்த்தது செல்போனில். ஏதோ ஒரு வெளிநாட்டு மியூசியத்தின் இணையப் பக்கம், நூறு வருஷம் முன்னால் பெரிய நகரங்களில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி வரைந்தவர்களின் படங்கள். கூட்டமான ஊர்தான், ஆனால் படத்தில் ஒரு ஆள்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே பார்த்தேன். காவிரிப் பாலம் தாண்டியதும் தெரியவில்லை, இறங்க வேண்டிய ஸ்டாப் போனதும் தெரியவில்லை. அந்தக் கோப்பைக்காரி அழவில்லை, யாரிடமும் புகார் சொல்லவில்லை, பாவம் பாருங்கள் என்று கெஞ்சவில்லை. உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாண பேனர் அடிக்கிற கடையில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் படத்தைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ரொம்ப டல்லா இருக்குங்க மேடம். கொஞ்சம் பிரைட் பண்ணிடவா? பின்னாடி இருட்டை எடுத்துட்டு ஒரு தோட்டம் வெச்சுடலாம்."

"ஒண்ணும் பண்ணாதீங்க. இருக்கற மாதிரியே போடுங்க."

"முகத்தையாவது ஃபேர் ஆக்கட்டுங்களா?"

"அவ வெள்ளைக்காரிங்க! இன்னும் என்ன ஃபேர் ஆக்கப் போறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் மனசில்லாமல்தான் பிரிண்ட் போட்டார்.

ஃப்ரேம் போடுகிற கடை ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில். கடை முழுக்கப் பெருமாள், தாயார், ஆண்டாள். ஒரு மூலையில் மட்டும் மனிதர்கள். அந்த மூலையில் இருப்பவர்கள் எல்லோரும் காலமானவர்கள். நம் ஊரில் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவது ஒன்று சாமியை, இல்லாவிட்டால் செத்தவரை. கடைக்காரர் என் மூன்று படத்தையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காரியம் என்னைக்குங்கம்மா? அதுக்குள்ள குடுத்துடறேன்."

"காரியமெல்லாம் இல்லைங்க. சும்மா, வீட்டுல மாட்டறதுக்கு."

"சரிங்க. கீழ பேரு, தோற்றம், மறைவு எழுதணுமே, தேதி சொல்லுங்க. மூணு பேரும் ஒண்ணாவா போனாங்க? ஆக்ஸிடெண்டுங்களா?"

சாகவில்லை, ஓவியம் என்று நான் விளக்கியதை அவர் கேட்டுக்கொண்டார், நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஃப்ரேமின் மேல் விளிம்பில் சின்ன சிவப்பு பல்பு மாட்ட ஒரு ஹோல்டர் வைத்தே கொடுத்தார், பின்னால் உதவும் என்று.

மாட்டிய வாரத்தில் வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், மூன்று கண்ணாடியிலும் சந்தனம், குங்குமம். கோப்பைக்காரியின் ஃப்ரேமில் ஒரு முழம் கதம்பம் வேறு. வீட்டு வேலைக்கு வருகிற அக்காதான் துடைத்து, பொட்டு வைத்து, பூவும் போட்டிருக்கிறார். மறுநாள் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுமனே விட்டா நல்லா இருக்காதேம்மா. உங்க கூட வேலை பாத்தவங்களா? பாவம், இந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு."

"அக்கா, இது படம். யாரோ வரைஞ்சது. யாரும் சாகலை."

"பின்ன ஏன்மா ஒத்தையா உக்காந்திருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வியை என்னைப் பார்த்து எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! சந்தனத்தை நான் துடைக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது தப்பு.

அக்கா கீழ் வீட்டில் சொல்ல, கீழ் வீட்டு மாமி அண்ணாவுக்கு போன் பண்ணிவிட்டாள். "உங்க தங்கை யார் யாரோ போனவா படத்தை மாட்டி பூஜை பண்றாளாம், அம்மா போனதுலேர்ந்து ஒரு மாதிரி ஆயிட்டா போலிருக்கு." ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாவும் மன்னியும் வந்து நின்றார்கள். அண்ணா செருப்பைக் கழற்றியதும் சுவரைத்தான் பார்த்தான்.

"அந்த வெள்ளைக்காரிக்கு யாருடி சந்தனம் வெச்சா?"

நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சின்ன வயதில் இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவன்தான். சிரிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து, டாக்டர் மாதிரி விசாரித்தான். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறேனா, யாரிடமாவது பேசுகிறேனா. கடைசியில், "இதுக்குத்தான் சொன்னேன், தனியா இருக்க வேண்டாம்னு. அம்மா வருஷாப்திகம் இந்த ஆத்துலதான் பண்ணப் போறோம். அதுக்குள்ள இதெல்லாம் எடுத்துடு. வரவா என்ன நினைப்பா? அது முடிஞ்ச கையோட நீ எங்களோட வந்துடு" என்றான்.

"படத்தை எடுக்க மாட்டேன் அண்ணா. நானும் வரலை."

"ஆமாம், உன்னைக் கேட்டுத்தான் பண்ணணும்" என்றான். அவன் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்த உண்மை அது, ஆனால் கிண்டலாகச் சொன்னான்.

முதல் வருஷ ச்ராத்தத்துக்கு முந்தின நாள் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணாவிடம் ஒரு சாவி உண்டு, அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது கொடுத்தது. சாமான்களைக் கொண்டுவந்து வைக்க வருவதாகச் சொன்னான். சாயங்காலம் நான் வந்தபோது வாழையிலைக் கட்டு, உளுந்து, எள், தர்ப்பை எல்லாம் ஒழுங்காக இருந்தன. சுவரில் மூன்று ஆணி மட்டும் இருந்தது. பழைய போர்வையில் சுற்றி, பரணில், அம்மாவின் பெட்பானுக்குப் பக்கத்தில் செருகியிருந்தான் என் படங்களை.

எனக்கு வந்த கோபத்தை எழுதி முடியாது. என் சம்பளத்தில் வாங்கின வீடு, நான் அடித்த ஆணி! ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்து, திரும்ப அதே இடத்தில் மாட்டினேன். கோணல் இல்லாமல், தள்ளி நின்று பார்த்துச் சரிபண்ணி மாட்டினேன்.

காலையில் மன்னி முதலிலேயே வந்துவிட்டாள், அண்ணா தாமதமாக வந்து, சுவரைக் கவனிக்காமல் நேரே குளிக்கப் போனான். குளித்து, மடியாக, பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தவன் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பல்லைக் கடித்தான். ஆனால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. மடியில் இருக்கிறவன் கண்டதையும் தொடக் கூடாது. தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும், அதற்குள் ச்ராத்தம் பண்ணிவைக்கிற வாத்தியார் மாடிப்படி ஏறிவிட்டார். மன்னியைப் பார்த்தான், மன்னியும் மடி, தளிகையில் இருந்தாள், கையில் கரண்டி. நான் சாவகாசமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். வாத்தியார் வந்து, மூன்று படத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"இது யாரு?"

"யாரும் இல்லை மாமா. ஓவியம்" என்றேன்.

"பெருமாள் இந்தப் பக்கம்தானே இருக்கார்? சரி, ஆரம்பிக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அதற்கப்புறம் இன்னொரு வீடு இருந்தது.

எல்லாம் முடிந்து, வாத்தியார் கிளம்பி, எல்லோரும் சாப்பிட உட்காரப் பிற்பகல் ஆகிவிட்டது. சித்தி, சித்தப்பா, அத்தை பிள்ளை என்று எட்டுப் பேர். நானும் மன்னியும் பரிமாறினோம். நான் ரசம் விடும்போது அண்ணா ஆரம்பித்தான். என்னிடம் இல்லை, அவர்களிடம்.

"வர மாசம் இவ எங்காத்துக்கு வந்துடுவா. இந்த ஃப்ளாட்டுக்கு நல்ல குடும்பமாப் பார்த்தாச்சு, காலேஜ்ல வாத்தியார். இவ இங்க தனியா இருந்து என்ன ஆயிருக்கான்னு நீங்களே பாருங்கோ." இடது கையால் சுவரைக் காட்டினான். "மூணு படம் இருக்கே, ஒரு படத்துலயாவது ரெண்டு பேர் சேர்ந்து இருக்காளா?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சித்தி உச்சுக் கொட்டினாள். என் வீட்டுக்கு ஆள் பார்த்துவிட்டான், நான் அதை ரசத்துக்கு நடுவில் தெரிந்துகொள்கிறேன்! பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, உன் ஆத்துல நான் பதினெட்டு வருஷம் இருந்தேன். ஆறு பேர் இருந்தோம். உன் குழந்தைகள் ரெண்டையும் நான்தான் ஸ்கூலுக்குத் தயார் பண்ணினேன், அப்புறம் ஆபீஸ் போனேன், வந்து தளிகை பண்ணினேன். கூடத்துல மடக்குக் கட்டில் போட்டுப் படுத்தேன். ஒரு காலண்டர் மாட்டறேன்னேன், குவார்ட்டர்ஸ் சுவர் வீணாயிடும்னே. தினமும் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் அடுக்களைல நின்னுண்டே சாப்பிடுவேன். பதினெட்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ சாப்பிட்டியான்னு யாராவது கேட்டேளா? நான் தனியா இருந்தது அங்கதான். இங்க இல்லை."

அண்ணாவின் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது.

"ஏன் அப்பவே சொல்லலை?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

அப்போதுதான் மன்னி, நெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தவள், "நான் மட்டும் யாரோட உக்காந்து சாப்பிட்டேன்?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரே அடுக்களையில் பத்து நிமிஷ வித்தியாசத்தில் இரண்டு பேரும் நின்றுகொண்டு சாப்பிட்டிருக்கிறோம், நானும் அவளைக் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு உறைத்தது அது ஒன்றுதான். ஆனாலும் நான் சொன்னதிலிருந்து ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

"நான் எங்கயும் வரலை. அந்தக் காலேஜ்காரர்கிட்ட ஃப்ளாட் காலி இல்லைன்னு நீயே சொல்லிடு" என்றேன்.

மறுநாள் பூட்டை மாற்றினேன். புதுச் சாவி இரண்டு, இரண்டும் என்னிடம். கீழ் வீட்டு மாமி படியில் பார்த்து, "ஏன்டிம்மா, திருட்டு பயமா?" என்றாள். ஆமாம் மாமி என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

தனியாக இருப்பது சொர்க்கம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல் வந்தால் வெந்நீர் நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சில சாயங்காலம் காரணமே இல்லாமல் அழுகை வரும். வந்தால் வரட்டும், என் வீட்டில் நான் அழுகிறேன், ஓசையோடு அழுகிறேன். அந்தக் குவார்ட்டர்ஸில் அழுவதற்குக்கூட பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட வேண்டும். படத்தில் இருக்கிற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு இடம் இருக்கிறது. ஒருத்திக்கு ஒரு மேஜை, ஒருவருக்கு வெயில், ஒருத்திக்கு ஒரு ஜன்னல். அவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்கள் கொட்டிக்கொள்ளட்டும். எனக்கு அவர்கள் பாவமாகத் தெரியவில்லை, சௌகரியமாக இருப்பவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

அண்ணா ஒன்றரை மாதம் பேசவில்லை. நானும் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு போன். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினான், மன்னிக்கு முட்டி வலி என்றான், பையன் பெங்களூரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னான். அப்புறம் தயங்கினான்.

"நாங்க வரட்டுமா, இன்னிக்கு?"

ஐம்பத்தொரு வருஷத்தில் என் அண்ணா என்னிடம் கேட்ட முதல் அனுமதி. நான் பால்கனியில் ஈரத் தலையோடு, கையில் காபியோடு நின்றிருந்தேன்.

"இன்னிக்கு வேண்டாம் அண்ணா. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கோ. மன்னியும் நானும் முதல்ல உக்காந்து சாப்பிடறோம், நீங்க பரிமாறுங்கோ."

"சரி. இன்னிக்கு ஏதாவது வேலையா?"

"வேலை ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவன் ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "சரிம்மா" என்று போனை வைத்தான். நான் காபியோடு உள்ளே போய், கோப்பைக்காரிக்கு எதிரே உட்கார்ந்தேன்.