திரும்பி வருவீர்களா என்று கேட்டார்கள்

எனக்காக உபவாசம் இருந்த சிதம்பரம் சபையாரே, உங்களில் பாதிப் பேருக்கு நீங்கள் எதற்காக ஜெபித்தீர்கள் என்று முழுதாகத் தெரியாது. "கிருபாவுக்கு விசா கிடைக்கணும்" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். மீதியை நான் இன்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

சென்ற வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சென்னையில் விசா அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னல் முன்னால் நின்று, கையில் வந்த படிப்பைக் கோட்டை விட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ்போர்ட்டோடு ஒரு துண்டுச் சீட்டை வைத்துத் தள்ளினார்கள். நான் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்புவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். அதனால் விசா இல்லை.

நான் கடலூர் கோர்ட்டில் வக்கீல். பாகப்பிரிவினை, வாடகை, வரப்புத் தகராறு என்று பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள் தேவனாம்பட்டினத்திலிருந்து சேகர் அண்ணன் வந்தார். சொந்தக்காரர்களோடு சேர்ந்து இறால் உரித்துப் பேக் செய்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர். அமெரிக்காவில் வாங்குகிற கம்பெனி ஒரு கண்டெய்னரை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. ஒப்பந்தத்தை என் மேஜைமேல் வைத்தார். தகராறு வந்தால் அமெரிக்காவில் இன்ன மாநிலத்துச் சட்டம்தான் செல்லும் என்று அதில் இருந்தது. இங்கிலீஷ் புரிந்தது. சட்டம் புரியவில்லை. தெரிந்த சீனியர் இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

"இத்தினி வக்கீலு இருக்கீங்க வக்கீலம்மா. இது இன்னானு சொல்ல நம்ம ஊர்ல ஒருத்தரும் இல்லியா?" என்றார் சேகர் அண்ணன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் தேடினேன். அமெரிக்காவில் சில சட்டக் கல்லூரிகளில் வெளிநாட்டு வக்கீல்களுக்கென்றே ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அமெரிக்க வணிகச் சட்டம், நாடு விட்டு நாடு நடக்கிற வியாபாரத்துக்கான சட்டம், ஒப்பந்தம் எழுதுவது, பேரம் பேசுவது எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே போனால் நான்தான் வெளிநாட்டு வக்கீல் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. ஜெபித்தேன், விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது. படிப்புச் செலவையும் கல்லூரியே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்போது நான் அங்கே இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

என் ஜூனியர் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கோர்ட் வாசலுக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கறுப்புக் கோட்டில் நான், எனக்குப் பின்னால் சுதந்திர தேவி சிலை, மேலே "அமெரிக்கா அழைக்கிறது" என்று கொட்டை எழுத்து. விசாவே வாங்கவில்லை, அதற்குள் பொன்னாடை வேறு. நானும் வெட்கம் கெட்டுப்போய்ச் சிரித்துக்கொண்டே போர்த்திக்கொண்டேன்.

ஜன்னலில் நடந்தது இதுதான். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். என்ன படிப்பு, யார் செலவு என்று கேட்டார். நன்றாகப் பதில் சொன்னேன். கடைசியாக, படிப்பு முடிந்ததும் இந்தியாவுக்குத் திரும்பி வருவீர்களா என்று கேட்டார். நான் இங்கிலீஷில், "கர்த்தருக்குச் சித்தமானால் வருவேன்" என்றேன்.

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் வராமலும் போகலாமா?" என்றார். நான் பதறி, "அது அவர் கையில் இருக்கிறது சார்" என்றேன். அவர் அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் ஜெயசீலன் காத்துக்கொண்டிருந்தார். "நீ இன்னாதான் சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "நம்ம சபையில இத சொல்லியிருந்தா எல்லாரும் ஆமென் சொல்லியிருப்பாங்க கிருபா. பாவம், அவுருக்கு இன்னா தெரியும்?"

நமக்கு இது எப்படிப்பட்ட பழக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவாயா என்றால்கூட, சித்தமானால் வருவேன் என்போம். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம். அது இல்லாமல் நாளைக்கு இதைச் செய்வேன் என்று சொல்ல நம் வாய் கூசும். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அம்மா அப்படித்தான் வளர்த்தார்கள். இங்கே எல்லார் வாயிலும் வருகிற அதே வார்த்தைதான் அங்கே என் காலை வாரிவிட்டது.

ஊருக்கு வந்தால் அந்த ஃப்ளெக்ஸ் அப்படியே நிற்கிறது. அதைப் பார்க்கக்கூடாது என்று பின்பக்கத்துச் சந்து வழியாகக் கோர்ட்டுக்குப் போனேன். டீக்கடைக்காரர் முதல் பெஞ்ச் கிளார்க் வரை, "எப்போ ஃப்ளைட்டு?" என்று கேட்டார்கள். என் வழக்குகளை வேறு சீனியரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. ஆறு வயது மகள் ஜெனியைச் சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு எங்கேயும் போகாமல் நின்றேன்.

ஜெனி விசா என்றால் என்னவென்று அறியாள். அவளுக்கு இருந்தது ஒரே கேள்வி. "அம்மா, நீ போயிட்டுத் திரும்பி வந்துடுவியா?" தினமும் கேட்பாள். நானும் தினமும், "கர்த்தருக்குச் சித்தமானா வந்துடுவேன் செல்லம்" என்பேன். உடனே முகம் சுண்டிப்போகும். பிள்ளைக்குப் பிரிகிற ஏக்கம் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு இங்கேதான் வந்தேன். நீங்கள் எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தீர்கள். நான் கோபத்தோடு ஜெபித்தேன். போதகர் ஐயா மன்னிக்க வேண்டும். "ஆண்டவரே, உம்மை மதித்துத்தானே அப்படிச் சொன்னேன்? உம்முடைய பேரைச் சொன்னதற்கா எனக்கு இந்தத் தண்டனை? இன்னொரு தடவை போனால் உம்மை விட்டுவிட்டுப் பேச வேண்டுமா?" என்று சண்டை போட்டேன். என் பயமே அதுதான். அந்த வார்த்தையைச் சொன்னால் விசா கிடைக்காது. சொல்லாவிட்டால் விசாவுக்காக அவரை மறைத்தவளாகிவிடுவேன்.

அம்மாவிடம் கேட்டேன். "மறந்துகூட அத சொல்லாம உட்டுடாதடி. நாளைக்கு நம்ம கையிலயா இருக்குது? அப்புறம் வீம்பு பேசினவளாப் பூடுவ" என்றார்கள். அம்மா சொன்னதும் சரிதான். அதுதான் என்னை ஜாஸ்தி குழப்பியது.

இனி கேளுங்கள், ஆண்டவர் எங்கிருந்து பதில் சொன்னார் என்று.

படிப்புக்கு முன்னால் கம்ப்யூட்டர் வழியாக ஒரு ஆயத்த வகுப்பு நடத்தினார்கள். விசா கிடைக்கவில்லை என்று எழுதியும், மறுபடி முயற்சி செய்யுங்கள், அதுவரை வகுப்பை விடாதீர்கள் என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது. நம் ஊரில் காலை ஆறரை மணிக்கு வகுப்பு. உபவாசக் கூட்டம் முடிந்த மறு வாரம், அடுப்பில் இட்லிப் பானையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிரேசில், ஜப்பான், நைஜீரியா என்று பல தேசத்து வக்கீல்கள். அன்று ஒப்பந்தப் பேரம் பேசுகிற பயிற்சி. எனக்கு எதிர்த்தரப்பில் எகிப்து தேசத்து வக்கீல் நாதியா. அவர் சரக்கு விற்கிறவர் பக்கம், நான் வாங்குகிறவர் பக்கம்.

பதினைந்தாம் தேதிக்குள் சரக்கு வந்துவிடுமா என்று கேட்டேன். "இன்ஷா அல்லாஹ்" என்றார் நாதியா.

இறைவன் நாடினால் என்கிற அந்த வார்த்தை எனக்குப் புதிதா? பரங்கிப்பேட்டை முஸ்லிம் கட்சிக்காரர்கள் எனக்கு எத்தனையோ பேர். அதனால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். பாடம் நடத்திய அம்மா எங்களை நிறுத்தினார். என்னைப் பார்த்து, "நீங்கள் வாங்குகிறவரின் வக்கீல். இப்போது உங்கள் கையில் வாக்குறுதி இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியின் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன்.

நாதியா கொஞ்சமும் அசரவில்லை. நிதானமாகச் சொன்னார். "நான் அதைத் தப்பித்துக்கொள்ளச் சொல்லவில்லை. என்னால் ஆனது எல்லாவற்றையும் செய்து முடிப்பேன், என் கைக்கு மிஞ்சியதை மட்டும் இறைவனிடம் விடுகிறேன் என்று அர்த்தம். ஆனால் உங்களுக்கு அது கேட்கவில்லை என்றால் பிரித்துச் சொல்கிறேன். பதினைந்தாம் தேதி சரக்கு வரும். இது என் வாக்கு. புயல் அடித்துக் கப்பல் நின்றால் என்ன செய்வது என்று தனியாக ஒரு பிரிவு எழுதிக்கொள்வோம்."

"அவ்வளவுதான்" என்றார் பாடம் நடத்திய அம்மா. "வாக்கை முழுதாகக் கொடுங்கள். கடவுளின் செயலுக்கு ஒப்பந்தத்தில் தனி இடம் உண்டு."

சபையாரே, அந்தப் பிரிவு எனக்குத் தெரியாததா? நம் ஊர் ஒப்பந்தங்களிலும் உண்டு. புயல், வெள்ளம், மனித சக்திக்கு மீறியது என்று என் கையாலேயே எத்தனை எழுதியிருக்கிறேன். கடலூர்க்காரிக்குப் புயலைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். ஆனாலும் அன்று காலைதான் எனக்கு உறைத்தது. நான் என் வாக்கைக் கொடுக்கவே இல்லை. கர்த்தர் பார்த்துக்கொள்ள வேண்டியதைச் சொன்னேன், நான் செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை. அவர் சித்தத்தைச் சொல்வதும் நம் வாக்கைச் சொல்வதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற காரியமே இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, கேட்கிறவரைக் குழப்பியதுதான் நடந்தது. அழுதேன். இட்லி வெந்து தண்ணீர் வற்றி, பானை அடிப்பிடித்துவிட்டது.

ஜெனிக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மறுபடி நேர்காணலுக்குத் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஆகஸ்ட் முடிகிறவரை காலியே இல்லை. வீட்டுக்காரர் ஃபேக்டரி ஷிஃப்ட் இடைவேளையில் எல்லாம் போனைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மதியம் கூப்பிட்டார். "கிருபா, யாரோ கேன்சல் பண்ணியிருக்காங்க. ஜூலை கடைசில ஒண்ணு உழுந்துது. போட்டுட்டேன்." அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

இந்த முறை ஜன்னலில் ஒரு பெண் அதிகாரி. அதே கேள்வி வந்தது. பழைய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டேன்.

"திரும்பி வருவேன்" என்றேன். "என் கணவரும் மகளும் இங்கே இருக்கிறார்கள். எங்கள் ஊரில் உங்கள் நாட்டுக்கு இறால் உரித்து அனுப்புகிறார்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதற்காகத்தான் படிக்கப் போகிறேன். நான் திரும்பாவிட்டால் இந்தப் படிப்பே எனக்கு வீண்."

அவர் தட்டச்சு செய்துகொண்டே, "அந்தக் கண்டெய்னர் என்ன ஆனது?" என்று கேட்டார். கண்டெய்னரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. விண்ணப்பத்தில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். "இன்னும் தெரியவில்லை மேடம். தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்" என்றேன். சிரித்தார். விசா கொடுத்துவிட்டோம் என்றார்.

வெளியே வந்து அதே வேப்பமரத்தடியில் நின்று, என் பங்கை நான் சொல்லிவிட்டேன், மீதி உம்முடையது, உமக்குச் சித்தமானால் என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேரும் என்று ஆண்டவரிடம் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல்லை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. வழியில் மோர் வாங்கிக் குடித்தோம். அவ்வளவு ருசியான மோரை நான் குடித்ததில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி, நீ அங்க உட்டத நான் இங்க சொல்லிக்கினு இருக்கேன். போயிட்டு வா" என்றார்கள்.

கிளம்பின அன்று ஜெனி என் சுடிதார் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, வந்துடுவியா?"

"வந்துடுவேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் துப்பட்டாவை விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

ஒரு வருடம் எளிதாகப் போகவில்லை. ஆசிரியர் திடீரென்று பெயர் சொல்லிக் கேள்வி கேட்பார். நம் கோர்ட்டில் வாய்தா கேட்கிற மாதிரி அங்கே கேட்க முடியாது. குளிரில் உதடு வெடித்தது. நாதியாவும் நானும் ஒரே மேஜையில் படித்தோம். அவர் தொழுகைக்குப் போகும்போது என் ஜெபத்தையும் நான் முடித்துக்கொள்வேன். அந்த ஊர்ச் சட்டமும், இரண்டு தேசத்து வியாபாரிகள் சண்டை போட்டால் எங்கே போய் எப்படித் தீர்ப்பது என்பதும் கற்றுக்கொண்டேன். சேகர் அண்ணனுடைய பழைய கண்டெய்னருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. வழக்குப் போடுகிற கெடு தாண்டிவிட்டது. அதை அவரிடம் நேராகச் சொன்னேன். "பரவால்ல வக்கீலம்மா. இன்னா ஏதுனு தெரிஞ்சுதே" என்றார். இந்த சீசனுக்கான புது ஒப்பந்தத்தை அவர் கையெழுத்துப் போடும் முன்னால் நான் வரி வரியாகப் படித்தேன். சனிக்கிழமைகளில் இந்தச் சபைக் கூடத்திலேயே, கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கிற இளம் வக்கீல்களுக்கு நான் கற்றதைச் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் சரி, டீ உண்டு.

கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் உங்களுக்கு ஒன்று சொல்வேன். ஆண்டவரிடம் கோபமாகவாவது கேளுங்கள். அவர் பதில் சொல்வார். யார் வாயால் சொல்வார் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். எனக்கு எகிப்து தேசத்து வக்கீல் ஒருவரின் வாயால் சொன்னார்.

சென்ற மாதம் சென்னை ஏர்போர்ட்டில் இறங்கினேன். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் தோளில் ஜெனி உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள், அழுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் அழவே இல்லை. என்னைக் காட்டி அப்பாவிடம் சொன்னாள்.

"அம்மாதான் வந்துடுவேன்னு சொன்னாங்களே."