தலைவலியோடு கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை

அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் மேற்படிப்புக்காகத் திருநெல்வேலியிலிருந்து லண்டன் வந்தவள். போன குளிர்காலத்தில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டேன்.

தெற்கு லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் வகுப்புத் தோழி நிஷாவும் வாடகைக்கு இருந்தோம். பகலில் வகுப்பு, மாலையில் கடை வேலை. கார்த்திகை முடிவதற்குள் தலைவலி தொடங்கியது. குமட்டும். காலில் வலுவிருக்காது. குளிர், வேலை, வீட்டு நினைப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கல்லூரியில் முதல் வாரமே சொன்னார்கள். அந்தப் படிவத்தை நிரப்பக்கூட அலுப்பாக இருந்தது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பக்கத்தில் விம்பிள்டனில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். "பிள்ளையாரப்பா, இதுக்கு மேல என்னால முடியல." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. அழவும் தெம்பில்லை. பிரசாத வரிசையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் நின்றவர் தண்ணீர் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கௌரி அக்கா. மருத்துவமனையில் நர்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது.

"எத்தினை நாளா இப்பிடி?"

"ரெண்டு மாசமா தலைவலி, அக்கா."

"இஞ்சை கோயிலுக்கு வந்தாப் பிறகும் இருக்கோ?"

யோசித்தேன். "கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வீட்டுலதான் ரொம்ப."

"வீட்டில வேற ஆருக்கும் இருக்கோ?"

"ஆமா. கூட இருக்கிற நிஷாவுக்கும்."

அக்காவின் முகம் மாறியது. "கேஸ் பாய்லர் இருக்கோ? அந்தப் பிள்ளை இப்ப எங்க?"

வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் எங்கள் சமையலறையில்தான் இருந்தது. நிஷா இரவு ஷிப்ட் முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். அதற்குள் அக்கா என்னிடம் முகவரி கேட்டு, தன் கைபேசியில் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். ஏழாவது தடவை, "தூங்க விடுடி" என்று ஒரு குரல். அக்கா என் கைபேசியை வாங்கினார்.

"பிள்ளை, ஒண்டும் எடுக்க வேண்டாம். கதவைத் திறந்து வெளியில வாங்கோ. நீங்க வெளியில வரும்வரைக்கும் நான் போனை வைக்க மாட்டன்."

நாங்கள் அக்காவின் காரில் போய்ச் சேர்ந்தபோது நிஷா நடைபாதையில் இருந்தாள். முகத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் வைத்த ஆக்சிஜன் முகமூடி. சுவரைப் பிடித்தும் தவழ்ந்தும் வெளியே வந்திருக்கிறாள்.

பாய்லரிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கசிந்திருக்கிறது. அதற்கு வாசனையே கிடையாது. குளிர் வருகிறதென்று சமையலறைச் சுவரில் இருந்த காற்றுத் துளையை நாங்களே துண்டால் அடைத்திருந்தோம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவள் எழுந்தே இருக்கமாட்டாள் என்று ஆம்புலன்சில் வந்தவர் சொன்னார்.

படிக்க வருகிற பிள்ளைகளே, வாடகைக்குப் போகுமுன் வீட்டுக்காரரிடம் கேஸ் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். காற்றுத் துளையை அடைக்காதீர்கள். வந்த வாரமே மருத்துவரிடம் பதிந்துவிடுங்கள்.

எனக்கு இன்னும் களைப்பு முழுதாகத் தீரவில்லை. படிப்பு இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனால் அன்று வரிசையில் எனக்குப் பின்னால் யாரை நிறுத்த வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தெரிந்திருந்தது. முடியாதபோது அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அழகாகச் சொல்லத் தெரிய வேண்டியதில்லை. பிறகு, பக்கத்தில் நிற்பவர் என்னவென்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.