ஆயுத பூஜைக்குத் தேய்த்துக் கழுவிய தொட்டி

பெங்களூரில் வேலை என்றதும், நான் கம்ப்யூட்டர் தட்டுகிறேன் என்று சொந்தக்காரர்களே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. ஹெப்பகோடிக்குப் பக்கத்தில், ஜீன்ஸ் சலவை செய்யும் தொழிற்சாலையில் கழிவுநீரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால், இதற்கா எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி என்று அம்மாவிடம் துக்கம் விசாரிப்பார்கள்.

உண்மையில் வேலை செய்வது நானல்ல. காற்று குமிழியிடும் பெரிய தொட்டி ஒன்றில் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாக இருந்துகொண்டு, சலவையில் வரும் கஞ்சி, சாயம், சோப்பு என்று கண்டதையும் தின்று தண்ணீரைத் தேற்றும். லீவு கேட்காது, இன்க்ரிமென்ட் கேட்காது. அவற்றுக்குச் சாப்பாடும் காற்றும் நேரத்துக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஒரே குறை, அவை நன்றாக இருந்தால் தொட்டி சேறு கரைத்த மாதிரி பழுப்பாக இருக்கும். பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி பளபளவென்று இருந்தது. மிஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தவர்கள், இதை மட்டும் அழுக்காக விடுவானேன் என்று சேற்றையெல்லாம் லாரியில் உறிஞ்சி அனுப்பிவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தார்கள். நான்கு பக்கமும் சந்தனம், குங்குமம். காற்று ஊதும் மிஷினுக்குச் சாமந்தி மாலை.

"எப்படி இருக்கு, பாத்தியாம்மா?" என்றார் மேனேஜர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழர்.

"சார், அந்தச் சேறுதான் பாக்டீரியா. எல்லாம் போச்சு."

"பாக்டீரியா போனா நல்லதுதானே?"

"அதுதான் சார் தண்ணியச் சுத்தம் பண்ணுது. புதுசா வளர்ற வரைக்கும் சலவைய நிறுத்தணும். ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"சும்னிரு, சும்மா இரும்மா. ஷிப்மென்ட் இருக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. தண்ணி ராஜகாலுவேல போகட்டும், மழை வந்தா அடிச்சிட்டுப் போயிடும்."

அந்த மழைநீர்க் கால்வாய் போய்ச் சேரும் ஏரிக்கரையில்தான் எங்கள் சலவைப் பிரிவில் பாதிப் பேர் குடியிருந்தார்கள். அவர்களில் தர்மபுரிக்கார அக்கா ஒருவர் மறுநாள் காலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "மேடம், கால்வாயில தண்ணி நீலமா ஓடுது. நாத்தம் தாங்கல. புள்ளைங்க கண்ணு எரியுதுன்னு அழுவுதுங்க. நம்ம கம்பெனி தண்ணியா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

மேனேஜரிடம் மறுபடி போனேன். ஏரிக்கரை, குழந்தைகள், கண் எரிச்சல் எல்லாம் சொன்னேன். "பாவம்" என்றார். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து சோதனைக்கு வருவார்கள் என்று பயமுறுத்திப் பார்த்தேன். "வரட்டும்மா, இவ்ளோ க்ளீனா வெச்சிருக்கோம், காட்டலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாமந்தி மாலையை அவர் கழுத்திலேயே போட்டிருப்பேன்.

அந்த நேரத்தில் அவர் மேசை மேல் ஒரு கரப்பான் ஓடியது. மனிதர் பதறிப்போய் அதைப் பேப்பரில் ஏந்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பத்திரமாக விட்டுவிட்டு வந்தார். வெங்காயம்கூடத் தொடாத குடும்பம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"சார், அந்தத் தொட்டியில கோடிக்கணக்கான உயிர் இருந்துச்சு. பூஜை நாள் அதுவுமா மொத்தத்தையும் கொன்னுட்டோம்."

அவர் முகம் வெளுத்தது. "உயிர்னா... நெஜமாவே உயிரா?"

"மூச்சு விடும் சார். சாப்பிடும். குட்டி போடும்."

கடைசியாகச் சொன்னது அறிவியல்படி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அங்கே எனக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை.

அன்று மதியமே சலவை நின்றது. ஷிப்மென்ட் என்ற பேச்சையே காணோம். புரோகிதர் வந்து தொட்டிக்குப் பரிகாரம் செய்தார். சந்தாபுராவில் இருந்த இன்னொரு தொழிற்சாலையிலிருந்து உயிருள்ள சேறு லாரியில் வந்து இறங்கியது. பாக்டீரியாக்களுக்குத் தீனியாக நான் சாணத்தைக் கரைத்து ஊற்ற, மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டு தன் கையாலேயே வெல்லத்தைப் போட்டார். தொட்டி மெல்ல மெல்லப் பழுப்பேறியபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அதற்குப் பிறகுதான் சலவை தொடங்கியது. கால்வாயில் நீலம் இல்லை.

மேனேஜருக்கு அத்துடன் மனசு ஆறவில்லை. தொட்டிக்கு முன்னால் கன்னடத்திலும் தமிழிலும் போர்டு மாட்டினார்: 'இங்கே உயிர்கள் வாழ்கின்றன. விஷம் எதையும் ஊற்றாதீர்கள்.' போர்டு மாட்டிய அன்று எல்லோருக்கும் கேசரிபாத். தர்மபுரி அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போர்டை மெதுவாக வாசித்தார்.

"நல்லா இருக்கு மேடம்," என்றார். "எங்க ஏரிக்கரையிலயும் இப்படி ஒண்ணு மாட்டச் சொல்லுங்க."