தலைசுற்றலுக்குச் சொன்ன பயிற்சி

படுக்கையில் புரண்டாலே எனக்கு வீடு சுழலும். கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டச் சொன்னார் உத்திரமேரூர் பிசியோதெரபிஸ்ட்.

அன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்த ஈரக் கூந்தல் விரிந்து கிடக்க, வாசலில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கற்பூரத் தட்டோடு வந்து என் காலில் விழுந்தாள்.

"ஆத்தா, செய்யாத்து வெள்ளத்துல போன எம்புள்ள எங்க கீறான்? வருவானா?"

அவன் உடல்கூடக் கிடைத்திருக்கவில்லை.

பதறி நிறுத்தினேன். "சாமி இல்லக்கா. டாக்டரு சொன்ன எக்சர்சைஸ் இது."

"தெரியும்டி. ஆரம்பிச்ச அன்னிக்கே சொன்னியே. இருந்தாலும் வருவான்னு ஒரு வார்த்த சொல்லு."

கூந்தலை அள்ளி முடியாமல், மறுபடி தலையை ஆட்டி, "வருவான்" என்றேன்.

தலைசுற்றல் எப்போதோ நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவள் கற்பூரத்தோடு வருகிறாள். நான் இன்னும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.